நீல வட்டம்தான் வீடு

மேப்பின்படி கோதண்டராமன் அப்போது எதிர் வீட்டு ஓஸ்வால்டின் குளியலறைக்குள் நடந்துகொண்டிருந்தான்.

நிஜத்தில் அவன் நடந்தது பெங்களூரு விவேக் நகரின் ஒரு கிராஸ் ரோட்டில், காலை ஆறேகால் மணிக்கு, யாருடைய குளியலறைக்கும் பங்கம் வராத தூரத்தில். கையில் போன். போனில் அவனே கைப்பட வரைந்த தெருப் படம். தாளில் வரைந்ததைப் போட்டோ எடுத்து ஒரு ஆப்பில் ஏற்றி, தெருவில் மூன்று இடங்களை மட்டும் 'இது இங்கே, அது அங்கே' என்று சொல்லிக் கொடுத்துவிட்டால் போதுமாம். ஊர் உலகத்து மேப்பையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, நாம் வரைந்த படத்தின் மேலேயே ஆப் வழி காட்டுமாம். இணையத்தில் ஒருவர் வீடியோ போட்டுச் சத்தியம் செய்திருந்தார். ஓஸ்வால்டின் குளியலறையைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அம்புக்குறி குளியலறையைத் தாண்டி ஓஸ்வால்டின் அடுப்படிக்குள் போனது. கோதண்டராமன் நின்று பெருமூச்சு விட்டான். படம் இருபதடி தள்ளி உட்கார்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலே நாள்தான்.

கோதண்டராமனுக்கு முப்பத்தாறு வயது. சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அம்மா மங்களம் குடியாத்தத்தில் முழங்கால் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் இருந்தாள். இவன் இங்கே ஒரு மாடி வீட்டில் ஒண்டிக்கட்டை. கீழ்த்தளம் முழுக்க ஷாமியானா பந்தல்காரரின் குடோன், எப்போதும் பூட்டியிருக்கும். வீட்டுக்காரர் ஓசூரில். மாடிப்படி பின்பக்கச் சந்தில் இறங்குவதால் இவன் போவதும் வருவதும் அந்தச் சந்து வழியாகத்தான். தெருவைப் பார்த்த ஜன்னலைப் புறாத் தொல்லைக்குப் பயந்து சாத்தியே வைத்திருப்பான். ஒரு கதவை மட்டும் இரண்டு விரல் அளவுக்குத் திறந்து வைப்பான். வீட்டிலிருந்து வேலை செய்கிற நாட்களில் அந்த இரண்டு விரல் இடைவெளிதான் அவனுக்கு ஊர்.

இந்த மூன்று வருஷத்தில் அவனுக்கு நாலு ஜாதகம் பொருந்தின. நாலும் ஒரே மாதிரி முடிந்தன. பெண் வீட்டார் போட்டோ பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்றார்கள், "பெங்களூரு வர்றப்ப வீட்டைப் பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்றோம்" என்றார்கள். அதற்கப்புறம் போனை எடுக்கவில்லை. ஒருவர் மட்டும் அம்மாவிடம், "அட்ரஸே சரியில்லீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

டெஸ்டிங்காரன் மூளை சும்மா இருக்குமா? நாலு கேஸ், நாலுக்கும் ஒரே முடிவு. பழுது அட்ரஸில்தான் என்று கண்டுபிடித்துவிட்டான். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று. வழி தெரியாமல் யார் முழித்தாலும் ஜனங்கள் கேட்காமலேயே குழந்தை இயேசு கோயிலுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

இப்போது ஐந்தாவது. பெண் பெயர் கிருத்திகா, பங்காருப்பேட்டை, பிசியோதெரபிஸ்ட். ஒருமுறை போனில் பேசினாள். பதினோரு நிமிஷம். நடுவில் ஒருதடவை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எதற்கு வந்தது என்று அதற்குப் பிறகு அவன் பலமுறை யோசித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சந்தோஷப்பட்டான். ஞாயிற்றுக்கிழமை அவளும் அப்பா அம்மாவும் வீட்டைப் பார்க்க வருகிறார்கள்.

"இதுவும் போச்சுன்னா ஜாதகத்தைத் தூக்கிப் பரண்ல போட்டுடுவேன்டா," என்று அம்மா சொல்லிவிட்டாள். "என்னால ஆகல. நீ ஆச்சு, உன் பெங்களூரு ஆச்சு."

ஆகவே படம் துல்லியமாக இருந்தாக வேண்டும். மறுநாள் காலை கோதண்டராமன் ஒரு சாக்பீஸ் டப்பாவோடு தெருவில் இறங்கினான். பத்து காலடிக்கு ஒரு கோடு. கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நம்பர். டிரான்ஸ்பார்மரிலிருந்து மாவு மில் வரை அளந்து முடித்துவிட்டுக் குனிந்தபடியே திரும்பினால், எதிரே ஒரு ஜோடிக் கால்கள்.

"இன்னா சார், காலங்காத்தால கோடு போட்றீங்க?"

ரோஸி. எதிர் வீட்டுக்காரி, ஓஸ்வால்டின் மனைவி. மூன்று வருஷமாக ஜன்னல் இடுக்கில் பார்த்துவரும் முகம். காபிக்கு ஓஸ்வால்டை மூன்று தடவை அன்பாகக் கூப்பிடுவாள், நாலாவது தடவை அன்பு இருக்காது. வெள்ளிக்கிழமை மீன் வாங்குவாள். தங்கைக்குப் போன் பேசும்போது வாசற்படியில் உட்கார்ந்து அழுவாள். இத்தனையும் தெரிந்தவனுக்கு அவளோடு ஒரு வார்த்தை பேசிப் பழக்கமில்லை.

"மெஷர்மென்ட்," என்றான்.

"எந்த டிபார்ட்மென்ட்டு?"

"டெஸ்டிங்."

ரோஸியின் முகம் கறுத்தது. "தண்ணி பைப்புன்னு ஒருதரம் தோண்டுனாங்க. கேபிள்னு ஒருதரம். கேஸ்னு ஒருதரம். போன மாசம்தான் ரோடு போட்டாங்க. இப்ப டெஸ்டிங்குக்கா? எப்ப சார் தோண்டுவீங்க?"

'நான் உங்க எதிர் மாடிதாங்க' என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் அதை வந்த முதல் மாசமே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருஷம் கழித்துப் போய், மூன்று வருஷமாக இங்கேதான் இருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? நினைக்க நினைக்க அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"பாக்கலாங்க," என்றான்.

தெருவில் அவன் பேசிய முதல் உரையாடல் அது. நன்றாகப் போனது என்றே நினைத்துக்கொண்டு மில்லைச் சுற்றி நடந்து, யாரும் பார்க்காமல் பின்சந்தில் ஏறி வீட்டுக்குள் போனான்.

வெள்ளி, சனி இரண்டு இரவும் உட்கார்ந்து புதிதாக வரைந்தான். ஓஸ்வால்ட்-ரோஸி வீடு. மாவு மில். மூன்று வீடு தள்ளி, மொட்டைமாடியில் வடாம் காயப்போடும் வீடு. பகலெல்லாம் தூங்கி சாயங்காலம் ஆட்டோவைப் பார்த்தால் மட்டும் குரைக்கும் நாய். முருங்கை மரம். ஸ்கூட்டர் கிளம்பாமல் தினமும் பதினைந்து உதை உதைக்கும் மனிதரின் கேட். அந்தப் படத்தைப் பார்த்தால் தெருவுக்கே தாய்மாமன் வரைந்தது போல இருக்கும். ஏற்றினான். வீட்டுக்குள் உட்கார்ந்து திறந்து பார்த்தான். அச்சு பிசகாமல் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கோதண்டராமனுக்குத் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. வேறு யாரும் அங்கே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜன்னல் இடுக்கில் பார்த்தான்.

தெரு முனையில் ஓஸ்வால்ட் தன் பழைய ஸ்கூட்டரைக் குறுக்கே படுக்க வைத்துக்கொண்டிருந்தார். மில்காரர் இரண்டு டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தார். வடாம் வீட்டுக்காரி ரோஜாத் தொட்டிகளை வரிசையாக வைத்தாள். ரோஸி கையில் துடைப்பத்தோடு சாக்பீஸ் கோடுகளைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக்கொண்டே, "சர்வேகாரன் வரட்டும், இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்," என்றாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான். ஆனாலும் கோதண்டராமன் அசரவில்லை. அவசர அவசரமாக முன்வழியை அடித்துவிட்டு, பின்சந்து வழியைப் பச்சையில் போட்டு, ஏழாவது பதிப்பை ஏற்றி, அவரவர் போனில் திறந்து பார்க்கச் சொல்லிப் பெண் வீட்டாருக்கு அனுப்பினான். போனில் படத்தைத் திறந்துவைத்துப் பார்த்துப் பார்த்து வாட்ஸ்அப்பில் விளக்கமும் எழுதினான்: 'சிவப்பு முக்கோணம் நாய். பச்சைக் கோடு நீங்கள் வரவேண்டிய வழி. மஞ்சள் கட்டம் மாவு மில். நீல வட்டம்தான் வீடு.'

"கேசரிக்கு முந்திரி போட்டியா?" என்று அம்மா போனில் கேட்டாள்.

"போட்டேன்."

"நெய்?"

"ஊத்தியாச்சும்மா."

"அவங்க வந்தா பேசுடா. உம்முன்னு நிக்காத. நீ பேசியே எவ்ளோ நாளாச்சு."

பதினொரு மணிக்குப் போன் வந்தது. கிருத்திகாவின் அப்பா முனிரத்தினம். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டையர் ஆனவர்.

"தம்பி, வந்துட்டோம்."

"வாங்க சார். வாங்க மாமா. எங்க இருக்கீங்க?"

"உங்க வீட்டுலதான்."

கோதண்டராமன் ஹாலைத் திரும்பிப் பார்த்தான். நாற்காலி மூன்றும் காலியாகத்தான் இருந்தன.

"நீல வட்டத்துல நிக்கிறோம்," என்றார் முனிரத்தினம். "பக்கத்துல கொய்யாப்பழ வண்டி ஒண்ணு இருக்குது. அதைப் பத்தி நீங்க எழுதலியே?"

"அது வீடு இல்லீங்க மாமா. மஞ்சள் கட்டம் பக்கமா வாங்க. நாய் வரும்."

"சரி."

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போன்.

"தம்பி, நாயைத் தாண்டிட்டோம். இப்பயும் உங்க வீட்டுலதான் நிக்கிறோம். நடந்தா வீடு காணாமப் போயிடுது, நின்னா கால்கீழ வந்து நிக்குது. நான் முப்பத்தஞ்சு வருஷம் தண்டவாளத்துல போனவன். ஸ்டேஷன் அசையாம நிக்கும், வண்டிதான் போவும். உங்க மேப்புல ஸ்டேஷன் போவுது."

"ஒரு நிமிஷம் மாமா, ஆப்பை மூடித் தெறந்து பாருங்க."

"அதெல்லாம் பாத்தாச்சு. எங்க வீட்டம்மா ஜானகி கோயில்ல மெழுகுவத்தி ஏத்தப் போனா. அவ போன்ல உங்க வீடு கோயில் வாசல்ல இருக்குதாம். எத்தினி வீடு தம்பி வெச்சிருக்கீங்க?"

பெண்ணைப் பெற்றவர் இந்தக் கேள்வியை இந்தக் குரலில் கேட்டால் எந்த மாப்பிள்ளைக்கும் வியர்க்கும். கோதண்டராமனுக்குச் சட்டை நனைந்தது. எட்டாவது பதிப்பை அனுப்பினான். அதில் ஒரு மாற்றமும் இல்லை, நம்பர் மட்டும்தான் மாறியது. பதற்றத்தில் அதுதான் முடிந்தது.

மூன்றாவது போன்.

"தம்பி, ஜானகியும் வந்து சேந்துட்டா. இங்க ஒரு வீட்டுல உங்க பேரைச் சொல்லிக் கேட்டோம். அப்படி யாருமே இல்லன்றாங்க."

"அப்படின்னா நீங்க வேற தெருவுல இருக்கீங்க மாமா," என்றான் கோதண்டராமன், கொஞ்சம் தெம்பாக. கடைசியில் பிடி கிடைத்துவிட்டதல்லவா. "அங்க கேக்காதீங்க. உடனே கெளம்பி வெளிய வந்துடுங்க."

முனிரத்தினம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் யாரிடமோ ஏதோ சொன்னார். இது எங்கே போய் முடியும் என்று அவனுக்குத் தெரியும். நாலு முறை பார்த்திருக்கிறான். அடுத்தது 'பரவால்ல தம்பி, இன்னொரு நாள் பாக்கலாம்' என்று வரும். அதற்கப்புறம் ஒன்றும் வராது. கேசரியை அவன் மட்டும் உட்கார்ந்து தின்ன வேண்டும், புதன்கிழமை வரைக்கும்.

"அப்பா, இங்க குடுங்க," என்று ஒரு குரல் கேட்டது. "ஹலோ, கிருத்திகா பேசறேன்."

"ம்."

"நீங்க வீட்டுலதான இருக்கீங்க?"

"ம்."

"போனை எடுத்துக்கிட்டு வெளிய வாங்க. ஸ்பீக்கர்ல போட்டுட்டு மேப்பைத் தெறங்க. ஒரு ஐம்பதடி நடங்க."

கேசரிக் கரண்டியும் கையுமாகப் படியிறங்கிப் பின்சந்தில் நடந்தான்.

"இப்ப என்ன தெரியுது?"

"அம்புக்குறி."

"நில்லுங்க. இப்ப?"

"நீல வட்டம்."

"உங்க வீடு எங்க இருக்குது மேப்புல?"

கோதண்டராமன் பார்த்தான். ஓஸ்வால்ட் வீடு இருந்தது. மில் இருந்தது. நாய் இருந்தது. தன் வீடு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள்தான் இருந்தது.

"காணோங்க," என்றான்.

"நீங்க வரையவே இல்ல," என்றாள் கிருத்திகா. "அந்த வட்டம் வீடு இல்லீங்க. அது நீங்க. ஆப்பு உங்களத்தான் காட்டுது. நடந்தா அம்பு, நின்னா வட்டம். நீங்க வீட்டுலயே உக்காந்து பாத்திருக்கீங்க, வட்டம் அங்கயே இருந்திருக்கு. எங்க போன்ல பாத்தா அது நாங்கதான். நீங்க டெஸ்டிங்ல இருக்கீங்கன்னுதான சொன்னீங்க?"

"ஆமாங்க."

"வேற போன்ல போட்டுப் பாக்கலயா?"

பத்து வருஷமாக அவன் இதே கேள்வியைத்தான் மற்றவர்களைக் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். உங்க மெஷின்ல ஓடினா போதுமா, வேற ஒருத்தர் மெஷின்ல போட்டுப் பாத்தீங்களா என்று. ஆனால் வேறு போன் என்றால் வேறு ஒருத்தர் வேண்டும். படத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்ல இந்த ஊரில் அவனுக்கு ஒருத்தர் கிடையாது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சந்தில் நின்றான்.

"நாய்க்குக்கூட இடம் குடுத்திருக்கீங்க," என்றாள் கிருத்திகா. இந்தமுறை அவள் சிரிக்கவில்லை. "சரி, நாங்க இங்க ரோஸின்னு ஒருத்தங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கோம். வெயில்ல நிக்கிறோமேன்னு கூப்பிட்டு மோர் குடுத்தாங்க. நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க."

ரோஸியா?

அவன் ஓடினான். சந்தைச் சுற்றி, மில்லைச் சுற்றி, முன்தெரு முனைக்கு வந்து, படுத்திருந்த ஸ்கூட்டரைத் தாண்டி, டிரம்முக்கு நடுவே ஒடுங்கி நுழைந்தபோது ஒரு ரோஜாத் தொட்டி உருண்டது.

"சர்வேகாரன் வந்துட்டான்," என்றார் மில்காரர்.

கண்மூடித் திறப்பதற்குள் ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். ரோஸி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் முனிரத்தினமும் ஜானகியும் கிருத்திகாவும் மோர் டம்ளரும் கையுமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஞாயித்துக்கெழம கூட விட மாட்டீங்களா சார்?" என்றார் ஓஸ்வால்ட். "ஆர்டர் காப்பி எங்க? காட்டுங்க."

"கையில அது இன்னா, கரண்டியா?" என்றாள் வடாம் வீட்டுக்காரி. "கரண்டியால தோண்டப் போறாரா?"

"இல்லீங்க. நான் வந்து..."

"ரோட்டுல கை வெச்சீங்க, சும்மா விட மாட்டோம்."

முனிரத்தினம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "இவரு எங்களுக்கு மாப்பிள்ளையாப் பாத்திருக்கிற பையன்ங்க," என்றார். ஆனால் அதைச் சொன்ன விதத்தில், அப்படித்தானா என்று அவரே தன்னைக் கேட்டுக்கொள்வது போல இருந்தது.

எல்லோரும் கோதண்டராமனைப் பார்த்தார்கள். இத்தனை கண்கள் ஒரே நேரத்தில் அவன் மேல் விழுந்து எத்தனையோ காலமாயிற்று. ஓடிவிடலாமா என்று தோன்றியது. கிருத்திகாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசுடா என்று அம்மா சொன்னது காதில் கேட்டது.

"நான் சர்வே இல்லீங்க," என்றான். "தோண்ட வரல. இவங்க வழி கண்டுபிடிச்சு வரணும்னு மேப் போட்டேன். அதுக்குத்தான் கோடு. நான் இங்கதான் குடியிருக்கேன்."

"இங்கன்னா எங்க?"

கோதண்டராமன் கரண்டியால் மேலே காட்டினான். "குடோனுக்கு மேல. அந்த ஜன்னல். மூணு வருஷமா இருக்கேன். பேரு கோதண்டராமன்."

அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சாத்தின ஜன்னல். விளிம்பில் இரண்டு புறா. மில்காரர் மட்டும் குனிந்து, உருண்ட தொட்டியை நிமிர்த்தி வைத்தார்.

ரோஸி கையிலிருந்த மோர்ச் சொம்பைப் படியில் வைத்தாள். ஜன்னலைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், பிறகு மெதுவாகத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ தம்பி, பொண்ணு குடுக்கறதுக்கு முன்னால உங்களப் பத்தி விசாரிக்க வந்த நாலு வீட்டுக்காரங்களுக்கும், அது காலி வீடு, பையன் பொய் அட்ரஸ் குடுத்து ஏமாத்துறான்னு சொல்லி நான்தானே மோர் குடுத்து அனுப்பி வெச்சேன்."